தம்புசாமி அங்கிளின் வலது தோள்

7 ஜூலை 2025, திங்கள்
தம்புசாமி அங்கிளை மகள் குமுதா இன்று சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவளுக்கு வேலை அங்கே. இங்கே கிள்ளானில், பண்டமாரான் வீட்டில் அவரைத் தனியாக விட முடியாது. ஸ்ட்ரோக் வந்து ஐந்து மாதம். சாப்பிட, சட்டை போட மறுபடி பழக்குவது என் வேலை. வலது கை இப்போதுதான் கரண்டியைப் பிடிக்கிறது. "நீயே வீடியோவுல சொல்லிக்கொடு மலரு. வேற ஆளு வேணாம்லா," என்றார். தலையாட்டிவிட்டேன். ஆட்டியிருக்கலாமா?

10 ஜூலை
கிளினிக்கில் என் சீனியர் ஜெயராஜ் அண்ணனிடம் கேட்டேன். "பேஷன்ட் எங்க உட்கார்ந்திருக்காரோ அந்த ஊரு லைசென்ஸ் வேணும். உன்னோடது அங்க செல்லாது."
நான் உட்கார்ந்திருப்பது கிள்ளானில்தானே? மலேசிய எல்லையில் ஜோகூர் பாலத்தை அவர் தாண்டியதும் நான் தெரபிஸ்ட் இல்லையா? இரண்டு நாட்டுப் பதிவு அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

12 ஜூலை
பதில் இல்லை.

13 ஜூலை, ஞாயிறு
அங்கிள் வீடியோவில் கூப்பிட்டார். நலம் விசாரிக்கத்தான் எடுத்தேன் — அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். தோள் வலிக்கிறது என்றார். அதற்குள் குமுதா வந்து, அந்த வலது கையையே பிடித்து இழுத்து அவரை எழுப்பினாள்.
"கையப் பிடிச்சு இழுக்காதம்மா! தோள் மூட்டு எறங்கிடும்!" கத்திவிட்டேன். இடுப்பைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன்.
அவள் முகம் வாடிவிட்டது. "எனக்கு யாருக்கா சொல்லிக்கொடுத்தா?"
நான் செய்தது சிகிச்சையா? பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? லைசென்ஸ் போயிட்டா? ஒண்ணும் புரியல.

18 ஜூலை
அங்கிருந்து பதில்: தனிப் பதிவு வேண்டும். இங்கிருந்து பதில்: அவர்களைக் கேளுங்கள்.
இனி வீடியோவில் சொல்லித்தர முடியாது என்று குமுதாவிடம் சொன்னேன். அங்கிள் போனை வாங்கவே இல்லை.

20 ஜூலை
அங்கே பதிவு பெற்ற ருமானா என்ற தெரபிஸ்ட்டைக் குமுதா கண்டுபிடித்திருக்கிறாள். ருமானாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். தோள், விரல், கரண்டி. அங்கிள் இருபது வருடம் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர், அந்தப் பேச்சை எடுத்தால் கை தானாக நகரும் — இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அடியில் தனியாக எழுதினேன்.

2 ஆகஸ்ட்
ருமானா கூப்பிட்டாள். "லோரிக் கதை வேலை செய்யுதுக்கா. நேத்து ரெண்டு பட்டன் போட்டாரு."
சந்தோஷமா, பொறாமையா? தெரியவில்லை.
பிறகு தயங்கிக் கேட்டாள். "எங்கம்மா அங்க உங்க கிள்ளான் பக்கத்துல, மேருவுல இருக்காங்க. அவங்களுக்கும் ஸ்ட்ரோக். நான் போன்ல கத்துறதோட சரி. நீங்க பாக்குறீங்களா?"

11 ஆகஸ்ட், திங்கள்
ருமானாவின் அம்மா காத்தூன் பீவி பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வந்தார்கள். ருமானா ஆறு பக்கம் அனுப்பியிருந்தாள். மகள் எழுதியது எது, தெரபிஸ்ட் எழுதியது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன்.