பெயிண்டரைப் பரணில் ஏற்றாதே

பாப்பா,

பெயிண்டர் வந்தால் திருப்பி அனுப்பு. கூரைக்கடியில் பரண் பலகையில் படர்ந்திருக்கிற பூஞ்சணத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டு, போயே போச்சு என்று சத்தியம் பண்ணுவான். பரண் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

குளியலறை ஆவியை இழுக்கிற ஃபேன் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே முடிகிறது. பலகையெல்லாம் ஊறிக் கிடக்கிறது. நீளக் குழாய் வாங்கப் போகிறேன். வரும்வரை யாரும் வெந்நீரில் குளிக்க வேண்டாம்.

"கூரை மேலயும் சந்தேகமாப்பா?" என்று நேற்று கத்தினாய். ஆமாம், சந்தேகம்தான். அதன் அடியில்தானே உன் பிள்ளை ராத்திரியெல்லாம் இருமுகிறான்? அவனை என் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறேன். எழுப்பாதே.

கோபத்தில் பட்டினி கிடக்காதே. சோறு மூடி வைத்திருக்கிறேன்.

அப்பா

திருடன் வருவான் என்று நான் எப்போதும் பூட்டி வைக்கிற பரண் ஜன்னலைத் திறந்து விட்டிருக்கிறேன். வந்தால் வரட்டும். காற்று உள்ளே போகணும்.