அடுக்களைக் கணினிமேல் ஒரு கண்

ஷஅபான் 27, ஞாயிறு

வரும் ரமலான் நோன்புக்காக இன்று நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிற்று. எங்கள் பலகாரக் கூடத்தில் எல்லோரும் 'லல்லா' என்று மரியாதையாகக் கூப்பிடும் நான் வாய்திறந்தால்தான் எதுவும் நடக்கும். "ஒரு கடிகாரம்கூட விடாதே" என்று அடுக்களையில் சமைக்கும் அல்லாலிடம் சொன்னேன்.

ஷஅபான் 28

கடையில் வாங்கும் ஆர்டரையெல்லாம், தினமும் சாயங்காலம் கடை மூடுமுன் குறித்த நேரத்துக்கு, அடுக்களைக் கணினி கடைக் கணினியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். மகள் வயிற்றுப் பேத்தி ஸுகைனா செய்துவைத்தது. ஃபெஸ் நகரில் வேறு எந்தக் கடையில் உண்டு?

நேற்று வரவில்லை. காலையில் தேனில் ஊறிய ஷெபாகியா கேட்டு வந்தவர்களுக்கு வெறும் தட்டு.

ஷஅபான் 29

நேற்றும் இல்லை. ஆர்டரைக் கொண்டுவரும் பேட்ச் ஃபைலை ஸுகைனா தானே ஓட்டிப் பார்த்தாள், உடனே வந்தது. "கையால ஓட்டினா ஓடுது பாட்டி. தானா ஓடுன்னா மாட்டேங்குது."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஆள் நிற்கும்போது நடப்பது, ஆள் இல்லாதபோது கெட்டால் — யாரோ கை வைக்கிறார்கள்.

மகன் அப்துல்ஹக் சொல்கிறான்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேலையை முனீர்கிட்ட விட்டுடுவேம்மா." மருமகளின் தம்பி முனீர். கணினிக் கடைக்காரன். ஆதாயம் யாருக்கு? ஸுகைனா அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

ரமலான் 1

முனீர் அடுக்களைக்கு வந்தான். நானும் போய் உட்கார்ந்தேன்.

"என்ன அத்தை, போலீஸ் மாதிரி உக்காந்துட்டீங்க?"

"நோன்பாளிக்குப் பலகாரத் தட்டுக்கிட்ட என்னடா வேலை?"

சிரித்தான். அந்தக் கணினியில் போனைச் சொருகிச் சார்ஜ் ஏற்றினானாம். ஊரில் வேறு பிளக்கே இல்லையா?

இன்றும் வரவில்லை.

ரமலான் 2

ஸுகைனா இன்று அந்தக் கணினி முன்னாலேயே காத்திருந்தாள். கடையை மூடி, அங்குள்ள கணினியை அணைத்துவிட்டு அப்துல்ஹக் நோன்பு திறக்க வந்தே விட்டான். அடுக்களைக் கணினி மட்டும் இன்னும் நேரமாகவில்லை என்று நிற்கிறது. தினமும் இப்படித்தான் ஒரு மணி நேரம் பிந்திப் போய், பூட்டிய கடையைத் தட்டியிருக்கிறது. நோன்பு நேரத்துக்குக் கணினி தானாகவே மாறிக்கொள்ளுமாம். அதற்குமேல் யாரோ கையாலும் ஒரு மணி தள்ளியிருக்கிறார்கள்.

"அல்லால் மாமா, இதை யாரு தொட்டது?"

அவன் நோன்பு திறக்கும் ஹரீராக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, "லல்லாதானே ஒண்ணுகூட விடாதேன்னாங்க" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ரமலான் 3, வெள்ளி

ஆர்டர் தானாக வந்தது. ஸுகைனா இரண்டு கிண்ணம் ஹரீரா குடித்தாள்.

முனீர் வீட்டுக்கு ஒரு தட்டு ஷெபாகியா அல்லாலிடம் கொடுத்தனுப்பினேன். எதற்கென்று கேட்டால், ரமலான் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.