கழிக்காத தூசி

மகளுக்கு,

நீ அனுப்பிய கடிதத்தை நம் மிளகுக் கடையில் வைத்துப் படித்தேன்.

பிரபஞ்சம் பிறந்தபோது பதிந்த தடத்தை ஆதி ஒளியின் அதிர்வுத் திசைகளில் கண்டுவிட்டதாக உன் பேராசிரியர் அறிவிக்கப்போகிறார். விண்மீன்களுக்கிடையே உள்ள தூசியும் அதேபோன்ற தடத்தைக் காட்டுமாம். தெரிந்தும் அந்தத் தூசியின் பங்கைக் கணக்கிலிருந்து கழிக்கவில்லையாம். “ஆய்வறிக்கையில எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. போடலன்னா வேலை போயிரும். நானும் போடவாப்பா?” என்கிறாய். அவர் செய்வதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அருவருப்பு.

சாக்கின் எடையைக் கழிக்காமல் மிளகு விற்க வந்த லுணுகலை ஊர்த் தரகரிடம் உன் அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? “ஏய்யா, நாங்க சாக்கையா திங்கிறது? எறக்காத, தூக்கிட்டுப் போ!”

போடாதே. வேலை போனால் வீட்டுக்கு வா.

உங்கள் கண்டுபிடிப்புக்காகக் கடைவாசலில் கட்டியிருந்த வாழ்த்துப் பதாகையை அவிழ்த்துவிட்டேன். இப்போது அதன்மேல் மிளகு காய்கிறது.

உன் அப்பா,
பதுளை