மாவுக்கடையில் கேட்ட கேள்வி

வியாழக்கிழமை, இரவு.

உறையூரில் இட்லி மாவு அரைத்து விற்கும் செல்வியம்மாவின் கடைக்கு இன்று போனேன். மகளின் காலேஜ் படிப்புக்காகக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். நிலவரத்தைப் பார்த்து, பங்குகளுக்கும் கடன் பத்திரங்களுக்கும் பணத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஃபண்டு ஒன்றை அவருக்கு விற்கப் போயிருந்தேன். ஐந்து வருட லாபத்தைக் காட்டினேன்.

"ஏறினது சரிங்க சார். மார்க்கெட் விழுந்தப்போ, விழறதுக்கு முன்னாடி பணத்த எடுத்தாங்களா, பின்னாடி எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் ஒருவருக்கு மாவு அளந்து ஊற்றிய நேரத்தில், ஃபோனில் பழைய மாதாந்திர அறிக்கைகளைப் பார்த்தேன். விழுந்த பிறகுதான் எடுத்திருந்தார்கள். சந்தை மறுபடி ஏறியபோதும் தாமதமாகத்தான் பங்குகளுக்குத் திரும்பியிருந்தார்கள். மழுப்பியிருக்கலாம். இந்த மாத இலக்குக்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆனால் அப்படிக் கேட்டவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பின்னாடிதாங்க எடுத்தாங்க" என்றேன்.

"அப்ப அடுத்த வருஷ ஃபீஸ் பணம் இதுல வேணாங்க. இன்னும் பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாத பணம் கொஞ்சம் இருக்கு, அதைப் போடறேன். அது விழுந்தாலும் எந்திரிக்க நேரம் இருக்குல்ல?"

பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன் நான். இவ்வளவு தெளிவாக யாருக்கும் இதை நான் விளக்கியதில்லை. ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் அவரை வியந்துகொண்டே வந்தேன்.

என் மகனின் ஃபீஸ் பணம் முழுவதும் அதே ஃபண்டில்தான் இருக்கிறது. ஜூனில் கட்ட வேண்டும். காலையில் முதல் வேலையாக அதை எடுக்க வேண்டும்.