பிடித்துத் தைத்த இடுப்பு

செவ்வாய், இரவு.

இவர் காலையில் கடற்கரைக்கு நடக்கத்தான் போகிறாரா என்று எனக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம். திரும்பி வரும்போது சட்டையில் வியர்வை இருக்காது, செருப்பில் மணல் இருக்காது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதும், "நடந்தே கரைச்சுடுறேன் பாரு" என்று சவால் விட்ட மனிதர்.

இன்று கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி, கூடையை இறக்கியதுமே சொல்லிவிட்டாள்.

"ஐயா எங்கம்மா நடக்குறாங்க? தினமும் பஸ் ஸ்டாண்டு கடையில பூரியும் வடையுமா உக்காந்திருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாரே என்று எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். ராத்திரி கேழ்வரகுக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் அவரே பேன்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மறுபடியும் லூசாயிடுச்சு. கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடேன். பாத்தியா, எல்லாம் நடக்குறதுனாலதான்."

ஏற்கெனவே இரண்டு தடவை நானே பெருமையாக இடுப்பைப் பிடித்துத் தைத்த பேன்ட் அது. ஊசியில் நூலைக் கோத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நடக்கவும் இல்லை, வாயைக் கட்டவும் இல்லை. பிறகு எப்படி இந்த மனிதர் இளைத்துக்கொண்டே போகிறார்?

பேன்ட்டைத் தைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அதையே போட்டுக்கொண்டு டாக்டரிடம் வரட்டும்.