சனியின் வளையமும் நீங்கள் பார்த்த குச்சியும்

அண்ணி,

தொலைநோக்கியின் முக்காலியில் நீங்கள் கட்டிய நீல நைலான் கயிறு இன்னும் அவிழவில்லை. போன வாரம் பரணிலிருந்து இறக்கித் துடைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஒரு கால் ஆடுகிறது என்று நான் புலம்ப, வலை கிழிந்தால் முடிகிற முடிச்சையே போட்டு இறுக்கிக் கொடுத்தீர்கள். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஏரிச் சேற்று வாசம் லேசாக வந்தது. பிரமையாகவும் இருக்கலாம். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை, ஆனாலும் வெட்கத்தில் முகம் சுட்டது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அங்கே கழித்துப்போட்ட தொலைநோக்கியைக் கெஞ்சி வாங்கி, பொன்னேரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிரகத்தைக் காட்டப்போகிறேன், சுற்றிலும் கைவளை மாதிரி வளையம் தெரியும் என்று குப்பம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வீட்டில் இருக்கிறவன் தேடிப்போய்ச் சனியைப் பார்ப்பானா என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நீங்களோ ஏரியில் கையால் துழாவி இறால் தடவிவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தீர்கள். பல்லில் கவ்வியிருந்த ஓலைப் பறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஈரப் புடவையோடு வரிசையில் நின்றீர்கள்.

"ஏழரை வருஷம் அது நம்மளப் பாத்துச்சே, ஒரு தபா நாம அதப் பாத்தா இன்னாவாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். வளையம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது, நல்லாத் தெரிகிறது என்று நைனாகூடச் சொன்னார். உங்கள் முறை வந்தது. நீங்கள் மட்டும் வெகுநேரம் பார்த்தீர்கள்.

"வளையம் எங்க தம்பி? உருண்டையில குறுக்கால ஒரு குச்சி குத்தினாப்ல கீது. குச்சிக்கு நேரா தள்ளி ஒரு சின்னப் புள்ளி கீது."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன். "ஊருக்கே தெரியறது உங்களுக்கு மட்டும் தெரியலன்னா கண்ணு டாக்டராண்ட போங்க அண்ணி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு நகர்ந்தீர்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து ஏரியில் நீங்கள் எதைக் காட்டினாலும், குச்சி தெரியுதா என்று பெண்கள் கேலி செய்தார்களாம். அடுத்த வாரம் பொன்னேரியில் இலவசக் கண் முகாம். ஒரு நாள் இறால் பிழைப்பை விட்டுவிட்டு விடியற்காலையே போய் வரிசையில் உட்கார்ந்தீர்கள். நான் ஊருக்கு வந்தபோது நீங்களே கூப்பிட்டுச் சொன்னீர்கள்.

"கண்ணு நல்லாத்தான் கீதாம் தம்பி. கடேசி வரி வரைக்கும் சரியாச் சொல்லிட்டேன். அப்ப எனக்குப் புத்திதான் சரியில்ல போல."

அண்ணி, அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் முதலில் பார்த்தவன் நான். நானும் குச்சியைத்தான் பார்த்தேன். கண்ணாடி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் படித்தவன் என்ற பெயர் போய்விடுமே என்ற பயத்தில் வளையம் தெரிகிறது என்று புளுகினேன். நான் தெரிகிறது என்றதால்தான் அத்தனை பேரும் தெரிகிறது என்றார்கள். நீங்கள் கண் முகாமுக்குப் போய்வந்த கதையைச் சொன்னபோது விஷயம் முழுக்க எனக்குத் தெரியும். சனியைக் காட்டிய அந்த வாரமே கல்லூரியில் கேட்டிருந்தேன். வளையம் தட்டையானது. பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை அதன் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும். தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் கோடாகத் தெரிகிற மாதிரிதான். நீங்கள் பார்த்த புள்ளி டைட்டன், சனியின் பெரிய நிலா. அது என் கண்ணில் படவே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, உங்கள் எதிரில் உட்கார்ந்து, நீங்கள் வைத்த இறால் தொக்கைப் போட்டுச் சாப்பிட்டேன். என்ன ஜென்மமோ நான்.

அதற்குப் பிறகு உங்கள் பேச்சில் ஒரு வால் முளைத்தது. காற்று திரும்பும் என்பீர்கள், இந்த மாப்பிள்ளை வீடு சரிப்படாது என்பீர்கள், உடனே "எதுக்கும் தம்பிய ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்பீர்கள். பொய் சொன்னவனிடமே எல்லோரையும் அனுப்பினீர்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொன்னேன். கடைசியில் உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். இட்லி வேண்டுமா, ஃபேனைப் போடட்டுமா என்றுதான் கேட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

இந்த வருஷம் வளையம் மறுபடி விளிம்பைக் காட்டுகிறது. கார்த்திகையில் மழை விட்ட ஒரு சாயங்காலம், இப்போது நான் குடியிருக்கும் அனுப்பம்பட்டிலிருந்து தொலைநோக்கியை பைக்கில் கட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விளக்கில் வானம் வெளுத்துக் கிடந்தது, ஆனால் சனி உச்சியில் நன்றாகத் தெரிந்தது. எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். யாருக்கும் ஞாபகமில்லை. அப்படியா நடந்தது என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகள் டீக்கடையிலிருந்து தாமதமாக வந்தாள். நான் சொன்னது எதுவும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. குனிந்து, உங்களைப் போலவே வெகுநேரம் பார்த்தாள்.

"கோடு மாரி கீது சித்தப்பா. ஓரத்துல புள்ளி கூட கீது. எதுக்கும் நீங்க ஒரு தபா பாத்துச் சொல்லுங்க."

நான் பார்க்கவேண்டியதில்லை, நீ பார்த்ததுதான் சரி, உன் அம்மா பார்த்ததும் அதுதான் என்று சொல்லி, முழுக் கதையையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இத அம்மாவாண்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். அவள் திரும்பவும் குனிந்து பார்க்கத் தொடங்கினாள். முக்காலி ஆடாமல் நின்றது.