மைனஸ் பக்கம்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து மழை. கரமனையில் பஸ் ஏறுவதற்குள் பாதி நனைந்தாச்சு. லேபில் குளிரூட்ட ஹீலியம் வந்துவிட்டது, அது ஒரு ஆறுதல்.

கடுங்குளிரில் நாங்கள் ஆராயும் படிகம் காந்தமாகலாமா வேண்டாமா என்று மதில்மேல் பூனை. அதிலுள்ள எலக்ட்ரான்களும் அப்படியே. காந்தப்புலத்தை ஏற்றிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மின்தடையில் திடீரென்று ஒரு மேடு. இதுவரை யாரும் சொல்லாதது.

பின்னால் ஜூனியர் செந்தில். எப்போது வந்தான்? திரையை மூடினேன்.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். குடையை லேபிலேயே மறந்தேன்.

கைடு சார் பிரித்துக் கொடுத்த வேலை: மின்தடை எனக்கு. எலக்ட்ரான்கள் பக்கவாட்டில் ஒதுங்குவதால் வரும் ஹால் வோல்டேஜ் செந்திலுக்கு. அவன் வேலையை அவன் பார்க்கலாமே. மத்தியானம் என் படிகச் சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குடைந்துகொண்டிருந்தான்.

"சேச்சி, ஒயர் ஒட்டின காண்டாக்ட் கொஞ்சம் சரிஞ்சிருக்கில்லே? புலத்தைத் திருப்பி மைனஸ்லேயும் எடுத்துப் பாருங்கோ, கேட்டோ."

எதற்கு? என்னை இழுத்தடித்துவிட்டு அவன் முந்தவா? ஆரியசாலை வியாபாரக் குடும்பம், கணக்கில்லாமல் வாய் திறக்காது. அடுத்த மாதம் என் ஃபெலோஷிப் முடிகிறது. பேப்பர் இல்லாவிட்டால் நீட்டிக்க மாட்டார்கள். அவனுக்கும் தெரியும்.

சாம்பிள் இப்போது வீட்டில்.

ஜூன் 18, புதன்

அம்மா: "ஸ்வாமி அலமாரியிலே என்னடி டப்பா? குங்குமம்னு தெறந்தா ஏதோ கறுப்புத் துணுக்கு." தொடவில்லையாம்.

வாங்க: அம்மாவின் பிரஷர் மாத்திரை, புதுக் குடை.

கேன்டீனில் சாரும் செந்திலும் குசுகுசு. என்னைக் கண்டதும் சார், "சாப்டாச்சா?" இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் 20, வெள்ளி

வெயில். செந்தில் வருமுன் சாம்பிளோடு போய், அவன் வாயை அடைக்கவே மைனஸ் பக்கமும் ஓட்டினேன்.

அதே இடத்தில் மேடு இல்லை, பள்ளம். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வழுவழுவென்று ஒரு கோடு. மின்தடையில் ஒன்றுமே இல்லை. புலத்தைத் திருப்பினால் தலைகீழாவது ஹால்தான். காண்டாக்ட் சரிந்ததில் ஹால் வோல்டேஜ் உள்ளே புகுந்திருக்கிறது. மேடு பொய்யில்லை, பெரிய விஷயம்தான். ஆனால் ஹாலில். செந்திலின் பங்கில்.

அவன் பொருளை ஸ்வாமிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்துவிட்டு, அவனைத் திருடன் என்று நினைத்திருக்கிறேன். வெட்கம்.

செந்தில் வந்தான், பழம்பொரிப் பொட்டலத்தோடு. எனக்கும் ஒன்று நீட்டினான்.

"மைனஸ் எடுத்தாச்சா, சேச்சி?"

பழம்பொரியை வாங்கிக்கொண்டேன். "இன்னும் இல்லே" என்றேன்.